இடது காலில் கிளாவே: ஒரு டிரம் மாணவரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மாணவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பதின்ம வயதிலிருந்தே டிரம்ஸ் வாசிப்பவர். ராக், ஃபங்க், வரவேற்பு நிகழ்ச்சிகளில் வாசிக்கும் குழுக்கள் என்று மேடை அனுபவத்துக்குக் குறைவில்லை. காலப்பிரமாணம் பிசகாதவர் என்று கூட வாசித்தவர்கள் சொல்வார்கள். டொராண்டோவில் எட்டுப் பேர் கொண்ட ஒரு லத்தீன் ஜாஸ் குழுவில் டிரம்மர் இடம் காலியானபோது, நண்பர் ஒருவர் மூலம் அந்த வாய்ப்பு இவருக்கு வந்தது. குழுவில் கொங்கா (கையால் தட்டும் உயரமான கியூபப் பறை) வாசிப்பவர் ஹவானாவில் முறையாகப் படித்துவிட்டு வந்தவர். பியானோவும் பாஸும் பல வருடம் சல்சா குழுக்களில் ஊறியவர்கள். நிகழ்ச்சி கோடையின் தொடக்கத்தில். மாணவர் என்னிடம் பாடத்துக்கு வந்தது குளிர்காலம் ஆரம்பிக்கும் நேரத்தில்.

அவர் கேட்டு வந்தது ஒன்றுதான்: கியூப நடன இசையைத் தாங்கும் ஐந்தடித் தாளக்கட்டான கிளாவேயை இடது காலால் மிதித்துக்கொண்டே மற்ற மூன்றாலும் வாசிக்க வேண்டும். இந்த ஆசை பல டிரம்மர்களுக்கு வருவதற்குக் காரணம் ஹொராசியோ 'எல் நெக்ரோ' ஹெர்னாண்டஸ். 1990களில் அமெரிக்காவுக்கு வந்த இந்தக் கியூப டிரம்மர், இடது காலில் கிளாவே ஓட, மேலே கைகள் தம் போக்கில் சோலோ வாசிப்பதை உலகம் முழுக்கப் பரிச்சயமாக்கினார். பார்க்கிறவர்களுக்கு அது வித்தை மாதிரி இருக்கும்.

இங்கே கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது. டிரம் கிட் (ஒரே டிரம்மர் வாசிக்கும் டிரம், சிம்பல் தொகுப்பு) கியூபாவின் சொந்த வாத்தியம் இல்லை. அங்கே நடன இசையின் தாளம் பல பேரிடம் பிரிந்து கிடக்கிறது. டிம்பாலே வாசிப்பவர் அந்தப் பறையின் உலோகப் பக்கத்தில் காஸ்கரா என்ற அடிக்கட்டைத் தட்டுவார். கொங்கா வாசிப்பவர் தும்பாவோ என்ற, திரும்பத் திரும்ப வரும் அடிக்கட்டைப் பார்த்துக்கொள்வார். பாஸ் தன் தள்ளலோடு போகும். கிளாவே சில சமயம் இரண்டு குச்சிகளில் ஒலிக்கும், பல சமயம் யாருமே தட்டாமல் எல்லார் மனதிலும் ஓடும். அமெரிக்க ஜாஸோடு ஹவானாவுக்குப் போன கிட்டில் இந்தப் பல பேர் வேலையை ஒரே ஆள் செய்யத் தொடங்கியது பின்னால் நடந்தது. வால்ஃப்ரெடோ தெ லோஸ் ரெயெஸ் போன்ற முன்னோடிகள் கிட்டையும் டிம்பாலேயையும் சேர்த்து வாசித்தார்கள். 1969இல் தொடங்கிய லோஸ் வான் வான் குழுவில் 1970களில் டிரம்மர் சாங்கித்தோ, சோங்கோ என்ற தாள நடையைக் கிட்டுக்கு ஏற்ற முழு மொழியாக்கினார். 1980இல் கியூபாவை விட்டு வந்த டிரம்மர் இக்னாசியோ பெர்ரோவா, அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியுடன் வாசித்தபோது ஜாஸ் டிரம்மர்கள் அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார்கள்.

டிரம்மர்கள் இண்டிபெண்டன்ஸ் என்று சொல்லும் கைகால் தனித்தியக்கம், இந்த இசையைப் பொறுத்தவரை கிட்டில் உட்கார்ந்தவருக்கு மட்டுமே உள்ள தலைவலி. கொங்கா வாசிப்பவருக்கு இது கிடையாது. அவர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால் போதும். கிட் வாசிப்பவர் தன் வலது கையை வாசித்துக்கொண்டே தன் இடது காலையும் கேட்க வேண்டும். இந்த நிகழ்வு முழுவதும் சுற்றிச் சுற்றி இந்தக் கேட்பதில்தான் வந்து நின்றது.

முதல் வகுப்புகளில் கண்டது

அவர் ஏற்கெனவே கருவிகளோடு வந்திருந்தார். ஹைஹேட் (காலால் மூடித் திறக்கும் இரட்டைச் சிம்பல்) மிதிக்கு இடப்பக்கம் இன்னொரு மிதி. அதன் முன்னால் ஒரு தாங்கியில் மாட்டிய, மரக்கட்டைபோல ஒலிக்கும் பிளாஸ்டிக் ஜாம் பிளாக். கிளாவேயைத் தனியாகக் காலால் மிதிக்கச் சொன்னேன். நன்றாக வந்தது. காஸ்கராவை ஃப்ளோர் டாமின் (தரையில் நிற்கும் டிரம்) பக்கவாட்டில் வலது கையால் தட்டச் சொன்னேன். அதுவும் சுத்தம். இரண்டையும் சேர்த்தால், மெட்ரோனோமை எவ்வளவு மெதுவாக வைத்தாலும் சில சுற்றுக்குள் உடைந்தது.

மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன.

முதலாவது, உடைவது எப்போதும் ஒரே இடத்தில். கிளாவேயின் கடைசி அடி. அது தாமதமாகி, அடுத்து வரும் கையடியோடு சேர்ந்து விழுந்தது. மற்ற நான்கு அடிகளும் ஓரளவு பிழைத்துக்கொண்டன.

இரண்டாவது, உடைவதற்குச் சற்று முன்பே அவர் மூச்சைப் பிடித்துவிடுவார். தோள் காதுப் பக்கம் ஏறும்.

மூன்றாவது, இருக்கை. ராக் வாசிப்பவர்கள் பலரைப் போல அவர் தாழ்வாக உட்கார்ந்திருந்தார். வலது பாதம் பாஸ் டிரம் மிதியில் அழுத்தமாக ஊன்றியிருந்தது. இடது கால் கிளாவேக்காகத் தூக்கும் ஒவ்வொரு முறையும் உடம்பு வலது காலில் சாய்ந்து சமாளித்தது. வலது காலுக்கும் வேலை கொடுத்தால் சாய இடம் இருக்காது.

சிக்கல் எங்கே இருக்கிறது

காகிதத்தில் எழுதிப் பார்த்தோம். இரண்டு பார்களை (பார் என்பது நான்கு எண்ணிக்கைச் சுற்று) எட்டெட்டாகப் பதினாறு இடங்களாக வைத்துக்கொண்டால், 3-2 சோன் கிளாவேயும் (முதல் பாரில் மூன்று அடி, அடுத்ததில் இரண்டு) அதற்குரிய காஸ்கராவும் இப்படி நிற்கும்:

காஸ்கரா (வலது கை)
● · ● · ● ● · ● | ● · ● ● · ● · ●

கிளாவே (இடது கால்)
● · · ● · · ● · | · · ● · ● · · ·

கிளாவேக்கு 1, 4, 7, 11, 13 என ஐந்து அடி. காஸ்கராவுக்குப் பத்து. இரண்டும் சேர்ந்து விழுவது 1, 11 ஆகிய இரண்டு இடங்களில் மட்டும். மற்ற மூன்று காலடிகளும் (4, 7, 13) இரண்டு கையடிகளுக்கு நடுவே தனியாக நுழைகின்றன. காலுக்குப் பிடித்துக்கொள்ளக் கை இல்லாத இடங்கள் இவை. சரி, அப்படியென்றால் மூன்றும் ஒரே அளவு கஷ்டமாக இருக்க வேண்டுமே, ஏன் 13 மட்டும் விழுகிறது?

விடை கிடைத்தது மாணவர் இரண்டையும் ஒரே கோடாகச் சொல்லிப் பார்த்தபோது. கையும் காலும் சேர்வதைச் 'சேர்' என்று வைத்துக்கொண்டால் முழுச் சுற்று இதுதான்:

சேர், கை, கால், கை, கை, கால், கை, கை, சேர், கை, கால், கை, கை.

'சேர், கை, கால், கை, கை' என்ற வரிசை இரண்டு முறை வருவதைப் பாருங்கள். முதல் முறை அது 1, 3, 4, 5, 6 ஆகிய இடங்களில் விழுகிறது. இரண்டாம் முறை 11, 12, 13, 14, 16இல். வரிசை ஒன்று, இடைவெளி வேறு. முதல் முறை 'சேர்' முடிந்ததும் ஓர் இடம் காலி. இரண்டாம் முறை அந்தக் காலியிடம் இல்லை, உடனே கை வந்துவிடுகிறது. மாணவரின் உடம்பு முதல் இடைவெளியைப் பழகிக்கொண்டு அதையே இரண்டாம் முறையும் போட்டது. அதனால் கால் ஓர் இடம் தள்ளி 14க்குப் போய்க் கையோடு ஒட்டிக்கொண்டது. மெதுவாக வாசித்தாலும் ஏன் சரியாகவில்லை என்பதற்கும் இதுவே காரணம். பிழை வேகத்தில் இல்லை. இடைவெளி தவறாக மனதில் பதிந்திருந்தது.

முதல் முடிவு: காலை நிறுத்துவது

ஜாம் பிளாக்கைக் கழற்றி ஓரமாக வைக்கச் சொன்னேன். அவருக்கு இது பிடிக்கவில்லை, அதற்காகத்தானே வந்தார். ஆனால் கிளாவே அவருக்குத் தெரியுமா, அவருடைய காலுக்கு மட்டும் தெரியுமா என்பதை முதலில் பார்க்க வேண்டியிருந்தது. கையால் காஸ்கரா வாசித்துக்கொண்டே கிளாவேயை வாயால் சொல்லுங்கள் என்றேன். வரவில்லை. வாயும் அதே 13இல்தான் தடுமாறியது. கால் பயிற்சி பற்றாது என்று அவர் நம்பிக்கொண்டு வந்திருந்தார். காலே இல்லாதபோதும் அதே இடத்தில் விழுந்ததைப் பார்த்தபின் அந்தப் பேச்சு நின்றது.

பாடும்போது கையால் தாளம் போட்டு வளர்ந்த வாசகர்களுக்கு இது பழகிய வேலையாகத் தோன்றலாம். ஓரளவுக்கு அப்படித்தான். ஒரு வித்தியாசம் உண்டு. ஆதி தாளத்தில் கை எண்ணிக்கையைக் காக்கிறது, அடிகள் சம தூரத்தில் விழுகின்றன. கிளாவே எண்ணிக்கையைக் காப்பதில்லை. அது ஒரு சொற்கட்டு. அதற்கு முன்பக்கமும் பின்பக்கமும் உண்டு. மூன்றடிப் பக்கம் இழுக்கும், இரண்டடிப் பக்கம் விடும். அதனால் கிளாவேயை எண்ணிக்கையின் மேல் வைத்துக் கேட்கப் பழக வேண்டும், அதையே எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எண்ணும் முறையையும் மாற்றினோம். அவர் பாருக்கு நான்கு என்று எண்ணிக்கொண்டிருந்தார். வேகம் ஏறும்போது அது மூச்சு முட்டும் எண்ணிக்கை. பாருக்கு இரண்டு என்று வைத்து, மெட்ரோனோமை அரை நோட்டில் ஓடவிட்டோம். குதிகால்கள் அந்த இரண்டைத் தரையில் மெதுவாகத் தொடும், கை காஸ்கரா வாசிக்கும், வாய் கிளாவே சொல்லும். இருக்கையையும் உயர்த்தினோம், தொடை முழங்காலை நோக்கிச் சற்றே இறங்கும் அளவுக்கு. இரண்டு பாதமும் தரையை விட்டாலும் உடம்பு இருக்கையில் நிற்க வேண்டும் என்பது இலக்கு. இரண்டு கால்களையும் ஒரு விரற்கடை தூக்கிவைத்துக்கொண்டு காஸ்கரா வாசிப்பது அன்றாடப் பயிற்சியானது. வயிற்றில் வலிக்கிறது என்று அடுத்த வாரம் வந்து சொன்னார். நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன்.

காலியிடங்களையும் வாயால் சொல்ல வைத்தேன். கையும் காலும் சேர்ந்தபின் முழுச் சுற்றில் 2, 10, 15 ஆகிய மூன்று இடங்கள்தான் அமைதி. அந்த மூன்றிலும் மட்டும் 'உம்' என்று சொல்ல வேண்டும். அடிக்கும் இடங்களை விட்டுவிட்டு அடிக்காத இடங்களைக் கவனிக்கச் செய்த இந்தப் பயிற்சிதான் 13ஐச் சரிசெய்தது என்பது என் கணிப்பு. 11க்குப் பிறகு 'உம்' வருவதில்லை என்று வாய்க்குத் தெரிந்ததும் அடுத்த அடி உடனே வந்தது.

இரண்டாம் கட்டம்: ஒரே கோடு, அதன் விலை

வாயில் உறுதியானபின் கால் திரும்பியது. ஜாம் பிளாக் இல்லாமல், வெறும் தரையில். அந்த 'சேர், கை, கால்' கோட்டைத் தொடையில் தட்டிப் பழகி, அப்புறம் கிட்டுக்குக் கொண்டுபோனார். முன்னேற்றம் வேகமாக இருந்தது. குளிர்காலத்தின் நடுவில் நிமிடத்துக்கு அரை நோட்டு 80 என்ற வேகத்தில் கையும் காலும் நிலையாக ஓடின. அவருக்கு மகிழ்ச்சி. எனக்கும்தான்.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை வைத்தேன். கால் கிளாவேயை நிறுத்தாமல் மிதிக்கட்டும். கை மட்டும் காஸ்கராவை விட்டுப் பெல்லுக்கு (கவ்பெல் என்ற உலோக மணி) போய் வெறும் கால் நோட்டுகளை, அதாவது பாருக்குச் சமமான நான்கு அடிகளை, தட்டட்டும். காகிதத்தில் பார்த்தால் இது காஸ்கராவைவிட எளிது. ஐந்து காலடிகளில் நான்கு கையோடு சேர்ந்துவிடும், 4ஆம் இடம் ஒன்றுதான் தனி. பாட்டு மொண்டுனோ என்ற, ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப வரும் பகுதிக்குப் போகும்போது இப்படிப் பெல்லுக்கு மாறுவது அன்றாட விஷயமும்கூட.

கை மாறிய கணத்தில் கால் நின்றுவிட்டது. தடுமாறவில்லை, முற்றாக நின்றது.

ஒரே கோடாகப் பழகுவதன் விலை இதுதான். அந்தக் கோட்டில் கை, கால் என்று இரண்டு பேர் இல்லை. பதின்மூன்று அடிகள் கொண்ட ஒரே ஒரு அசைவு இருக்கிறது. அதில் பாதியை எடுத்தால் மீதிக்கு வழி தெரியாது. இதை ஒருங்கிணைப்பு என்று சொல்லலாம், தனித்தியக்கம் என்று சொல்ல முடியாது. பல டிரம்மர்கள் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு பேட்டர்ன் கிடைத்துவிடும், அதை வேகமாகவும் வாசிப்பார்கள், ஆனால் அதிலிருந்து எங்கும் நகர முடியாது. குழுவோடு வாசிக்கும்போது நகர்வதுதான் வேலையே.

இரண்டாம் முடிவு: சங்கிலியை உடைப்பது

இரண்டு வழி இருந்தது. மேலும் மேலும் கோடுகளைச் சேர்ப்பது, அதாவது பெல்லுக்கு ஒரு கோடு, சோங்கோவுக்கு ஒரு கோடு என்று. அல்லது காலை ஓடவிட்டுக் கையை ஓயாமல் மாற்றுவது. முதல் வழியில் நிகழ்ச்சிக்குத் தேவையானதைக் கணக்காகத் தயார்செய்துவிடலாம். ஆனால் மேடையில் பியானோ ஒன்றைச் சொன்னால் பதில் சொல்ல முடியாது. நாங்கள் இரண்டாம் வழிக்குப் போனோம். ஜாஸ் டிரம்மர்கள் ரைடு சிம்பலை ஓடவிட்டு மற்றக் கையால் வரி வரியாகப் படித்து வாசிக்கும் பழைய முறையின் தலைகீழ் இது.

கைக்குக் கொடுத்த வேலைகள் இவை: கால் நோட்டுகள், அவற்றின் இடைப்பட்ட அடிகள் மட்டும் (இதில் காலோடு சேர்வது 4ஆம் இடம் ஒன்றுதான்), காஸ்கரா, அப்புறம் எளிய தாளப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தையாவது திறந்து அதை வாசிப்பது. இவற்றில் எது கடினம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. இடைப்பட்ட அடிகளில் திணறுவார் என்று எதிர்பார்த்தேன், எளிதாகச் செய்தார். கை முழுவதுமாக நின்று, இரண்டு பார் கழித்துச் சுற்றின் நடுவில், 9ஆம் இடத்தில் நுழைவதுதான் அவரை வாரக்கணக்கில் படுத்தியது. 9இல் காலடி கிடையாது. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் நுழைய வேண்டும்.

இன்னொன்று, பேச வைத்தேன். கால் ஓடிக்கொண்டிருக்கும்போது, "அடுத்த செவ்வாய் எத்தனை மணிக்கு வருவீர்கள்?" என்று கேட்பேன். ஆரம்பத்தில் பதிலின் முதல் சொல்லிலேயே கால் நிற்கும். பிறகு பதில் கிளாவேயின் அடிகளோடு ஒட்டிக்கொண்டு வரும். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அதுவும் ஒட்டுதல்தான். கடைசியில் ஒருநாள் பனிப்பொழிவில் வண்டி சிக்கிய கதையை இயல்பான குரலில் சொல்லி முடித்தார். கால் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அன்று ஜாம் பிளாக்கை மறுபடி மாட்டினோம்.

வலது காலும் இடது கையும்

பாஸ் டிரம்மைச் சேர்த்தபோது புதிய சிக்கல் வந்தது. பாஸ் வாசிக்கும் தும்பாவோவின் அடிகள் ஒவ்வொரு பாரிலும் இரண்டாம் எண்ணிக்கையின் பின்பாதியிலும் நான்கிலும் விழும். பதினாறில் சொன்னால் 4, 7, 12, 15. மூன்றடிப் பக்கத்தில் இது சுகம்: 4, 7 இரண்டிலும் இரண்டு கால்களும் ஒன்றாக இறங்கும். இரண்டடிப் பக்கத்தில் 11 இடது, 12 வலது, 13 இடது என்று கால்கள் நடக்க ஆரம்பித்துவிடும். வேகத்தில் இது டபுள் பெடல் வாசிப்பதுபோல ஓட்டமாக மாறி, அடிகள் நெருங்கின. உயர்த்திய இருக்கை இங்கேதான் கைகொடுத்தது. பழைய தாழ்ந்த இருக்கையில் ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு அவரே உயர்த்திக்கொண்டார்.

இடது கைக்குக் கொங்காவின் வேலையைச் சுருக்கிக் கொடுத்தோம்: இரண்டில் ஸ்நேரின் விளிம்பில் கிராஸ் ஸ்டிக், நான்கிலும் அதன் பின்பாதியிலும் டாமில் இரண்டு திறந்த அடி. இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மற்றவை நிலைத்திருந்ததால் சீக்கிரம் வந்துவிட்டது.

ஒத்திகையில் நடந்தது

வசந்த காலத்தில் குழு ஒத்திகை தொடங்கியது. நான் இரண்டுக்குப் போயிருந்தேன். தனியறையில் தெரியாத இரண்டு விஷயங்கள் அங்கே வெளிப்பட்டன.

ஒன்று, பாரின் முதல் அடி. தும்பாவோவில் பாஸ் நான்கிலேயே அடுத்த பாரின் சுரத்தைப் பிடித்துவிட்டு, ஒன்றாம் அடியை வாசிக்காமல் தாண்டிப் போகும். ராக் டிரம்மருக்கு ஒன்று என்பது வீடு. ஒவ்வொரு பிரேக்குக்கும் (குழு சட்டென்று நிறுத்தும் இடம்) பிறகு மாணவரின் பாஸ் டிரம் தானாகவே ஒன்றில் விழுந்தது. பாஸ் வாசிப்பவர் எதுவும் சொல்லவில்லை, ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தார். அதுவே போதுமானதாக இருந்தது. அன்றைக்குப் பிறகு வீட்டுப் பயிற்சியில் மெட்ரோனோமுக்குப் பதிலாகப் பாஸ் மட்டும் வாசித்த பதிவைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

மற்றது கிளாவேயின் பக்கம். ஒரு பாட்டு 3-2இல் தொடங்கி, ஒற்றைப்படை எண்ணிக்கையிலான பார்கள் கொண்ட ஒரு பகுதி முடிந்ததும் மொண்டுனோவுக்கு 2-3இல் நுழைகிறது. கிளாவே எங்கும் மாறுவதில்லை. அது ஒரே சீராக ஓடுகிறது, பாட்டின் சொற்றொடர்தான் அதன் மறுபக்கத்தில் ஏறிக்கொள்கிறது. மாணவர் மொண்டுனோ தொடங்கியதும் புதுப் பகுதி என்று நினைத்துக் காலை மூன்றடிப் பக்கத்திலிருந்து புதிதாகத் தொடங்கினார். பியானோவும் கொங்காவும் ஒரு பக்கம், டிரம்மர் எதிர்ப் பக்கம். கியூப இசைக்காரர்கள் இதை 'க்ருஸாடோ' என்பார்கள், குறுக்கே போய்விட்டது என்று. கொங்கா வாசிப்பவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"தொடங்காதே," என்றார் அவர். "ஓடுவதை ஓடவிடு. நாங்கள் வந்து ஏறிக்கொள்கிறோம்."

அடுத்த முறை மாணவர் காலைத் தொடவே இல்லை. பேசிக்கொண்டே மிதித்த அதே கால் பகுதி மாறுவதைக் கவனிக்காமல் ஓடியது. மேலே கைகள் மட்டும் காஸ்கராவிலிருந்து பெல்லுக்குப் போயின. பக்கம் சரியாக வந்தது. பகுதிகளின் பார்களை எண்ணி, எங்கே திரும்புகிறது என்று தாளில் குறித்து வைக்கும் யோசனை ஒன்று எங்களிடம் இருந்தது. அது தேவைப்படவில்லை.

மேடைக்கான முடிவு

நிகழ்ச்சிக்குச் சில வாரம் முன்பு குழுத் தலைவர் ஒரு கேள்வி கேட்டார்: எல்லாப் பாட்டிலும் அந்தப் பிளாக் சத்தம் வேண்டுமா? நியாயமான கேள்வி. சிறிய அரங்கில் ஜாம் பிளாக்கின் ஒலி எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு வரும். கொங்கா வாசிப்பவருக்கும் அது தேவையில்லை. கிளாவேயை யாராவது தட்டிக் காட்டினால்தான் வாசிக்க முடியும் என்ற நிலையில் அவர் இல்லை. இடது கால் பிளாக்குக்குப் போய்விடுவதால் ஹைஹேட்டை மிதிக்கக் கால் இல்லை என்பது இன்னொரு இழப்பு. சில பாட்டுகளில் இரண்டிலும் நான்கிலும் விழும் அந்த 'சிக்' ஒலி குழுவைக் கட்டிவைக்கிறது.

முடிவு: சோலோ உள்ள ஒரு பாட்டில் மட்டும் காலில் கிளாவே. மற்றவற்றில் இடது கால் ஹைஹேட்டில், கிளாவே மனதில். மாணவர் ஏமாற்றம் அடைவார் என்று நினைத்தேன். அவர் உடனே ஒப்புக்கொண்டார். பிளாக் இல்லாமல் வாசிக்கும்போதும் தனக்கு அது கேட்கிறது என்றார். ஒத்திகைப் பதிவைக் கேட்டபோது அவர் சொன்னது மெய்யென்று தெரிந்தது: ஃபில்கள் (டிரம்மர் இடையே நிரப்பும் வரிகள்) முன்பு எங்கே வேண்டுமானாலும் முடிந்தன, இப்போது பெரும்பாலும் கிளாவேயின் அடிகளில் போய் நின்றன.

நிகழ்ச்சியும் விளைவும்

நிகழ்ச்சி நன்றாக நடந்தது. பிளாக் இல்லாத பாட்டுகளில் குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை, அதுவே செய்தி. பாஸ் டிரம் ஒன்றில் விழும் பழக்கம் ஒரே ஒருமுறை, ஒரு பிரேக்குக்குப் பிறகு, எட்டிப் பார்த்தது.

பிளாக் உள்ள பாட்டில், சோலோவின் நடுவே இரண்டு கைகளும் டாம்களைச் சுற்றி நீளமான ஒரு ஃபில்லுக்குப் போனபோது கால் நின்றது. இரண்டு பார் அளவுக்குக் கிளாவே இல்லை. ஆனால் அது திரும்பி வந்தது சரியான பக்கத்தில், இரண்டடிப் பக்கத்தின் நடுவே, 13இல். எந்த அடியில் முதல் வகுப்புகளில் எல்லாம் உடைந்ததோ அந்த அடியில். குழுவில் யாரும் தடுமாறவில்லை. கேட்டவர்களில் பெரும்பாலானோருக்கு அது வேண்டுமென்றே விட்ட இடைவெளியாகத்தான் தோன்றியிருக்கும். கால் நின்றதைவிட, எங்கே நுழைய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். 9ஆம் இடத்தில் நுழையப் பட்ட பாடு அங்கே பலித்தது.

குழு அவரை நிரந்தரமாக வைத்துக்கொண்டது.

அடுத்த மாணவருக்கு மாற்றுவது

வாயில் கிளாவே வரும்வரை காலில் கொடுப்பதில்லை என்பதை இனி முதல் நாளே சொல்லிவிடுவேன். கருவி மாட்டியபின் கழற்றச் சொல்வது மாணவருக்கு அபராதம்போலத் தெரிகிறது. மாட்டுவதற்கு முன் என்றால் அது வெறும் வரிசை.

கையை மாற்றும் சோதனையை முன்னுக்குக் கொண்டுவருவேன். அரை நோட்டு 50இல் கோடு நிலைத்ததுமே பெல்லுக்கு மாற்றிப் பார்க்கலாம். 80 வரை போய்விட்டால் சங்கிலி இறுகிவிடுகிறது, உடைக்க அதிக நாள் ஆகிறது. பாஸ் பதிவோடு பயிற்சி செய்வதையும் ஒத்திகை வரை தள்ள மாட்டேன்.

ஒரே கோடாகப் பழகும் கட்டத்தை மட்டும் விடமாட்டேன். அதைத் தவிர்த்து நேராகத் தனித்தியக்கத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் 'சேர், கை, கால், கை, கை' என்ற வரிசை இரண்டு முறை, இரண்டு இடைவெளியில் வருகிறது என்பது அந்தக் கோட்டில்தான் தெரிந்தது.

மாணவர் இப்போது ரும்பா கிளாவேக்குப் போயிருக்கிறார். மூன்றாவது அடி 7இலிருந்து 8க்கு நகர்கிறது, அவ்வளவுதான் மாற்றம். 8இல் காஸ்கராவும் விழுவதால் கைக்கும் காலுக்கும் இடையே இருந்த பழைய சிக்கல் குறைந்திருக்கிறது. ஆனால் பாஸ் டிரம் 7இலேயே நிற்கிறது. இதுவரை ஒன்றாக இறங்கிய இரண்டு கால்களும் அங்கே வலது, இடது என்று அடுத்தடுத்து விழ வேண்டும். வேகம் ஏறினால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து ஒரே அடியாகிவிடுகின்றன. மறுபடியும் அரை நோட்டு 50இல், பிளாக்கைக் கழற்றிவிட்டு, வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறார்.